கப்பலுக்குப் பூ கட்டிப் பார்த்தவர்

அரசியம்மாவிடம் கேள்வி கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் பதிலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். அதை அம்மா வாயால் ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. அம்மா அவ்வளவு லேசில் சொல்லிவிட மாட்டார். பன்னிரண்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஜனங்கள் முதலில் வேறு எதையாவது காட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு சமையலறை. மடம் என்று மற்றவர்கள்தான் சொல்வார்கள். அம்மா அதைக் கொட்டகை என்றே சொல்வார். அவருக்கு வயது நாற்பத்தேழு.

அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தெட்டு. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக வில்லிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறார். மகள் வயதுக்காரியைப் போய்க் குரு என்கிறாயே என்று நண்பர்கள் கிண்டல் செய்ததுண்டு. கண்ணாடி போட்டுவிடுகிற டாக்டரின் வயதைக் கேட்டுக்கொண்டா போகிறோம் என்பார் அவர்.

அன்று பதினோரு மணிக்கு வந்தார். அம்மா முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தார். கும்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கய்யா."

"கடல் தாண்டிப் போகக் கூடாதுன்னு சாஸ்திரத்துல இருக்குங்களா?"

"எந்த சாஸ்திரத்துல? ரயில்வே சாஸ்திரத்துலயா?"

வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். அன்று கீரைக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு தாண்டப் போறாங்க?" என்றார் அம்மா.

விஷயம் இதுதான். ஓசூரிலிருக்கும் தெய்வசிகாமணியின் மகள் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உல்லாசக் கப்பலில் இடம் பிடித்திருந்தாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் நாலு நாள். திருகோணமலை வரை போய்விட்டுத் திரும்பும். சாப்பாடு, படுக்கை எல்லாம் கப்பலிலேயே. இவருக்கும் கப்பல் புதிது, இவர் மனைவி செண்பகவல்லிக்கும் புதிது. வருகிறோமா இல்லையா என்று அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"உங்க வீட்டம்மாவுக்கு ஆசை உண்டா?"

"ஆசையா? மெரினாவுக்குப் போனா அவ அலையைப் பாக்க மாட்டாம்மா. தூரத்துல கப்பல் வரிசையா நிக்கும் பாருங்க, அதையேதான் பாத்துக்கிட்டிருப்பா. அதுல இருக்கிறவங்களுக்கு நாம தெரிவோமான்னு கேப்பா. ஒவ்வொரு தடவையும் கேப்பா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சுண்டல் ஆறுது, சாப்பிடும்பேன்."

அம்மா கீரையை முறத்தில் தட்டினார். "சரி, போறீங்களா இல்லையா?"

"பூ கட்டிப் பாத்தோம்மா. சிவப்பு வந்துருச்சு."

அவர்கள் வீட்டில் எதற்கும் பூ கட்டிப் பார்க்காமல் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. முருகன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போடுவார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வீடு வாங்கியது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் இப்படித்தான். செண்பகவல்லியின் பித்தப்பை ஆபரேஷனுக்குக்கூடப் பூ கட்டிப் பார்த்தார்கள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். நல்லவேளை, வெள்ளை வந்தது. கட்டுவது எப்போதும் தெய்வசிகாமணி, எடுப்பது செண்பகவல்லி.

"சாமியே வேண்டாம்னு சொல்லியாச்சு. அப்புறம் இந்தக் கொட்டகையில என்ன கேள்வி?"

அவர் ஒரு காம்பை இரண்டாக ஒடித்தார். அம்மா காத்திருந்தார்.

"சாமி சொல்லலம்மா" என்றார் கடைசியில். "நான் ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளியைத்தான் வெச்சேன்."

அம்மா கை நிற்கவில்லை. கீரை உருவுவது அதுபாட்டுக்கு நடந்தது.

"அவ கண்ணை மூடிக்கிட்டு முருகா முருகான்னு எடுத்தா. பிரிச்சதும் ஒரு நிமிஷம் அந்தப் பூவையே பாத்தா. சரி, அவனுக்கு இஷ்டமில்லன்னுட்டு உள்ள போயிட்டா. கப்பல் தளம் வழுக்கும்னு யாரோ சொல்லி, ரப்பர் அடி வெச்ச செருப்பு ஒண்ணு வாங்கி வெச்சிருந்தா. பத்து நாளா வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகிக்கிட்டிருந்தா. அதைத் தொடைச்சு அட்டைப்பெட்டியில வெச்சுக் கட்டுனா. ஒரு வார்த்தை முணுமுணுக்கலம்மா. அவ திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது. பாவி நான், சாமி பேரால அவளை ஏமாத்திட்டேன்."

"எதுக்குச் செஞ்சீங்க?"

"கடல்னா ஒரு பயம்..."

"அது இல்லை."

"செலவு..."

"மகள்தானே டிக்கெட் எடுத்தா? அதுவும் இல்லை. வலிக்கிற இடத்தைக் காட்டுங்கய்யா."

தெய்வசிகாமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு மாசம் முன்னால மார்க்கெட்ல தலை சுத்தி விழுந்துட்டேன். வெங்காயக் கடைக்காரர்தான் தூக்கி உட்கார வெச்சார். வீட்ல சொல்லல."

"டாக்டர்?"

"பிரஷர் மாத்திரை அளவு கூடிப்போச்சு, மாத்தித் தரேன்னார். மாத்தினப்புறம் ஒண்ணும் இல்லை. கப்பலைப் பத்தியும் கேட்டேன். தாராளமாப் போயிட்டு வாங்கன்னார்."

"அப்புறம் என்ன?"

"நடுக்கடல்ல மறுபடி விழுந்துட்டா? நான் செத்தா செத்துட்டுப் போறேம்மா, அது பெரிசில்லை. அவ என்ன செய்வா? சுத்தித் தண்ணி. பேசறவங்க எல்லாம் வேத்து ஆளுங்க. யாரைக் கூப்பிடணும், எந்தப் பக்கம் போகணும்னு அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நாப்பத்தொரு வருஷத்துல நான் இல்லாம ஒரு பஸ் ஏறினதில்லை. எந்த நம்பர் எங்க போகுதுன்னே தெரியாது அவளுக்கு. அவளை அப்படி நடுக்கடல்ல நிக்க வெச்சுட்டுப் போறதை நினைச்சா எனக்கு நெஞ்சை அடைக்குதும்மா."

சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. பயத்துக்கு அன்பு என்று பேர் வைத்துக்கொண்டு மனுஷன் எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ. ஆனால் அதில் அன்பே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

"இதுக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்க. மலையை நூத்தெட்டு சுத்து சுத்தச் சொன்னாலும் சுத்தறேன்."

"காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. இப்படி ஒரு தப்பைச் சொல்ல வரும்போது எப்படிச் சாப்பிடறது?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு வாழை இலைத் துண்டில் புளிசாதம் கொண்டுவந்து வைத்தார்.

"முதல்ல இதைச் சாப்பிடுங்க."

"வேண்டாம்மா, பரிகாரம்..."

"வெறும் வயித்துல மாத்திரையும் குடுக்க மாட்டேன், பரிகாரமும் சொல்ல மாட்டேன். சாப்பிடுங்க."

குரு சொன்ன பிறகு மறுக்க முடியாது. ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டாவது வாயை மெதுவாக மென்றார். மூன்றாவது வாய்க்குப் பிசைந்தவர் இலையைக் குனிந்து பார்த்தார். வேர்க்கடலைக்கு நடுவே வறுத்த சுண்டைக்காய் வற்றல் கிடந்தது. புளிசாதத்தில் சுண்டைக்காய் போடுவது செண்பகவல்லியின் பிறந்த வீட்டு வழக்கம். கல்யாணமான புதிதில் அதற்காக அவர் சண்டை போட்டிருக்கிறார். இப்போது அது இல்லாமல் அவருக்கு இறங்காது.

"அம்மா, இது எங்க வீட்டுச் சாதம்."

"ஆமாய்யா."

"இது எப்படி இங்க?"

"ஏழு மணிக்கு உங்க வீட்டம்மா கொண்டுவந்து குடுத்தாங்க."

"கோயிலுக்குப் போயிட்டு வரேன்னுதானே சொல்லிட்டுப் போனா! நான் தெருமுனைப் பிள்ளையார் கோயில்னு..." அவர் நிறுத்தினார். "யாரோட வந்தா?"

"யாரோடயும் இல்லை. தனியாத்தான் வந்தாங்க."

"ரெண்டு பஸ் மாறணுமே."

"மாறித்தானே வந்திருக்காங்க. போரூர்ல இறங்கிட்டாங்களாம். ஒரு காலேஜ் பொண்ணைக் கேட்டு அடுத்த பஸ்ல ஏறினாங்களாம். ரொம்ப லேசா இருந்துச்சுன்னாங்க."

தெய்வசிகாமணியின் கை இலைமேல் அப்படியே இருந்தது.

"அவளுக்குத் தெரியுமா? பூ விஷயம்?"

"சாமி அலமாரியைத் துடைக்கும்போது இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்திருக்காங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தலை சுத்தினதும் தெரியும்" என்றார் அம்மா. "மாத்திரை அட்டை நிறம் மாறின அன்னைக்கே மருந்துக்கடையில போய்க் கேட்டுட்டாங்களாம். அப்புறம் நேரா உங்க டாக்டர்கிட்டயே போயிருக்காங்க. திடீர்னு விழுந்தா எப்படிப் படுக்க வைக்கணும், காலை எவ்வளவு தூக்கணும், அதெல்லாம் எனக்குச் செஞ்சே காட்டினாங்க. ஒண்ணும் தப்பில்லை. நல்லாவே கத்துக்கிட்டிருக்காங்க."

"என்கிட்ட சொல்லலையே."

"நீங்களும் சொல்லலையே."

வெளியே யாரோ மலைப்படியை விசாரித்துக்கொண்டு போனார்கள். அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். தெய்வசிகாமணி இலைக்கு மேல் குனிந்துகொண்டார். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை தோதாக இல்லை, சாதக்கை.

"உங்ககிட்ட என்ன கேக்க வந்தா? கப்பலுக்குப் போகலாமான்னா?"

"கப்பல்ல போகலாமா வேண்டாமான்னு கேக்கவே இல்லை."

"பின்ன?"

"அவர் இன்னைக்கு உங்களைத் தேடி வருவார், வெறும் வயித்தோட வருவார், முதல்ல சோத்தைப் போடுங்க. பயந்துபோயிருக்கார், திட்டிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க."

அவர் மிச்சச் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலையை எடுத்துப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். முகத்தையும் கழுவியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாகக் கும்பிட்டார்.

"மணி பன்னண்டுதான் ஆகுது. இப்பவே வீட்டுக்குப் போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேம்மா. மன்னிப்புக் கேக்கறேன். உன்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன்."

அம்மா முறத்திலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. நானும் கூட வரட்டுமான்னு கேளுங்க."