மன்னனை வெளியே நிறுத்திய முரசு

முன்னொரு காலத்தில் கருங்கழி நாட்டை மருதவேள் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான், ஆனால் காலையில் எழும்போது அவனுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் அன்றைக்குச் சட்டம். பக்கத்துப் பாறைவாசல் நாட்டு அரசன் பிள்ளையில்லாமல் இறந்துபோகவே, அந்த நாடும் சண்டையில்லாமல் இவன் கைக்கு வந்தது. மறுநாள் விடிந்ததுமே மருதவேள் சொல்லிவிட்டான்: "இனி இரண்டு நாடும் ஒரே நாடு. இரண்டு சபையும் ஒரே சபை."

சொல்வது சுலபம். ஒரே அரண்மனையில் இரண்டு தளபதிகள், இரண்டு புரோகிதர்கள், இரண்டு தலைமைச் சமையல்காரர்கள். ஒருநாள் குழம்பில் இருவருமே உப்புப் போட்டார்கள். மறுநாள் மற்றவன் போட்டிருப்பான் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். அதையாவது எப்படியோ விழுங்கிவிடலாம். அமைச்சர்களும் இரண்டு பேர் என்பதைத்தான் அம்பலக்கூத்தரால் விழுங்க முடியவில்லை.

அம்பலக்கூத்தர் கருங்கழியின் பழைய அமைச்சர். தலை நரைக்கும்வரை மன்னனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவர். பாறைவாசலிலிருந்து வந்த அமைச்சன் பெயர் தத்தன். ஒல்லியான ஆள், வயதிலும் இளையவன். வந்த அன்றைக்கே ஏதோ சொல்லி மன்னனைச் சிரிக்க வைத்துவிட்டான். அன்று பற்றிக்கொண்ட எரிச்சல் அம்பலக்கூத்தர் வயிற்றில் அணையவே இல்லை. வெற்றிலைத் தட்டு முதலில் யார் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார். மன்னன் தத்தனை "வாரும்" என்று அழைத்த குரலும், தன்னை அழைத்த குரலும் ஒன்றுதானா என்று படுக்கையில் புரண்டு யோசிப்பார். வீட்டில் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி, புளி கூடிவிட்டதோ என்று குழம்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

தத்தனிடம் ஏதாவது குறை அகப்படாதா என்று, கோயிலுக்குப் போகிறேன் என்ற சாக்கில் பாறைவாசலுக்கே போனார். குறை அகப்படவில்லை, வேறொன்று கண்ணில் பட்டது. கருங்கழியில் கோட்டைக்கு வெளியே முரசு ஒலித்தால், மன்னர் வருகிறார், கதவைத் திற என்று பொருள். பாறைவாசலிலோ, பகைவன் வருகிறான், கதவைச் சாத்து என்று பொருள். மன்னர் வந்தால் அங்கே சங்குதான் ஊதுவார்கள்.

ஊர் திரும்பியவர் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பாறைவாசல்காரர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியறியாத அந்த மனிதர், அடுத்த சபையில் அவர்களுடைய காவலர்களை வாயாரப் புகழ்ந்தார். நம் கோட்டையின் மேற்கு வாயிலை அவர்களிடமே விடலாம், தத்தன் மேற்பார்வை பார்க்கட்டும் என்றார். மன்னனுக்கு ஏக மகிழ்ச்சி. தத்தன் மட்டும் அவரைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தான்.

சில நாளில் மன்னன் வேட்டைக்குப் போய், மாலையில் மேற்கு வாயில் வழியாகத் திரும்பினான். நல்ல மழை, கத்தினால் உள்ளே காதில் விழாது. கூட வந்தவர்கள் முரசை அடித்தார்கள். கதவு படீரென்று சாத்திக்கொண்டது. இன்னும் ஓங்கி அடித்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. விடாமல் அடிக்க அடிக்க, உள்ளேயிருந்தவர்கள் மரக்கட்டைகளை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். மன்னன் வண்ணார் கொட்டகையில் கழுதைகளோடு ஒண்டி நின்றான். கடைசியில் முரசின் தோல் நனைந்து சத்தம் செத்துப்போயிற்று. பகைவன் போய்விட்டான் என்று காவலர்கள் கதவைத் திறந்தார்கள்.

மன்னன் காவலர்களை அப்படியே சிறையில் தள்ளி, யாரும் அவர்களோடு பேசாதபடி பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மறுநாள் காலை தும்மிக்கொண்டே சபைக்கு வந்து, காரணம் சொல்லாவிட்டால் தத்தனும் அவன் ஆட்களும் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்றான்.

தத்தன் எழுந்து தன் இருக்கையை விட்டு விலகி நின்றான். "மன்னா, காரணத்தை நான் சொன்னால் என் ஆட்களுக்காகப் பேசுவதாக இருக்கும். தெரிந்தவர் வேறு யாராவது சொல்லட்டும். என் இருக்கை அவருக்கே."

காலியாகக் கிடந்த அந்த இருக்கையைப் பார்த்ததும் அம்பலக்கூத்தரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார். நம் ஊர் முரசுக்கு இது பொருள், அவர்கள் ஊர் முரசுக்கு அது பொருள் என்று புட்டுப்புட்டு வைத்தார். சபையே வாயைப் பிளந்தது.

தத்தன் கைகூப்பினான். "பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. எங்கள் ஊர் வழக்கத்தைத் தங்களுக்குச் சொன்னது யார்?"

"காவலர்கள் சொன்னார்கள்."

"அவர்கள் நேற்று மாலையிலிருந்து மன்னர் பூட்டிய பூட்டுக்குள் இருக்கிறார்கள்."

அப்படியானால் உங்கள் ஊர்க்காரர் வேறு யாரோ சொன்னார்கள் என்றார் அம்பலக்கூத்தர். தத்தன் தன் ஊர்க்காரர்கள் நின்ற பக்கம் திரும்பிக் கேட்டான். எல்லோரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். அவர்களில் ஒருவரிடம்கூட அவர் இதுவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பது சபைக்கே தெரியும்.

"எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனபோது பார்த்திருக்கிறீர்கள்," என்றான் தத்தன் மெதுவாக. "பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் காவலர்களைப் புகழ்ந்தீர்கள்."

அம்பலக்கூத்தர் மெல்லத் தன் பழைய இருக்கைக்கே திரும்பப் பார்த்தார்.

"தெரிந்தே என்னைக் கழுதைகளோடு நிற்க வைத்தீரா?" என்றான் மன்னன். காவலர்களை விடுவிக்கச் சொன்னான். அம்பலக்கூத்தர் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும் என்றான்.

தத்தன் குறுக்கே வந்தான். "வேண்டாம் மன்னா. இரண்டு ஊர் வழக்கத்தையும் நேரில் ஒப்பிட்டுப் பார்த்தவர் இந்தச் சபையில் இவர் ஒருவர்தான். என்மேல் இருந்த பொறாமையில் என் ஊரை என்னைவிட நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார். முரசு போல இன்னும் எத்தனை இருக்கிறதோ. இவரே போய்த் தேடட்டும்."

மன்னன் கோபத்தை மறந்து சிரித்துவிட்டான். தத்தன் தலைமை அமைச்சனானான். அவன் யோசனைப்படி இரண்டு ஊருக்கும் பழக்கமில்லாத ஒரு மணி கோட்டை வாயிலில் தொங்கியது. இரண்டு ஊர்க் காவலர்களும் சேர்ந்தே அதைப் பழகினார்கள். அம்பலக்கூத்தர் அவனுக்குக் கீழே அமர்ந்து, ஊர் ஊராகப் போய் வழக்கங்களைத் தேடிக்கொண்டு வந்தார். எதிரியே காப்பாற்றினான் என்பதுதான் அவரை அதிகம் அரித்தது. இருந்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார்.

அந்த வருஷம் அறுவடை முடிந்ததும் மன்னன் இருவருக்கும் சால்வை போர்த்தினான். தத்தன் முன்கூட்டியே நெசவாளரிடம் சொல்லி, ஒரே துணியை இரண்டாக வெட்டி வாங்கியிருந்தான். அம்பலக்கூத்தருக்கும் அது தெரியும். தெரிந்தும், இடைவழியில் தத்தனை நிறுத்தி, ஏதோ நூல் பிரிந்திருக்கிறது என்று சொல்லி, அவன் சால்வையின் ஓரத்தைத் தன் சாணால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாராம்.