மேற்பார்வைக்கு வராத குழி

நல்லூத்துப்பட்டி பேரூராட்சி அலுவலகத்தில் சோம்பேறி என்று ஒருவர்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை எல்லாம் கேட்ட பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். செயல் அலுவலர் ஆவுடைநாயகம், எழுத்தர் குணசீலி, மேஸ்திரி சுடலைக்கண், குழாய் ஃபிட்டர் அந்தோணிராசு, இந்த நால்வரும் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்கள். ஊருக்கு இருந்த கஷ்டமே அதுதான்.

மார்க்கெட் முக்கில் ஒரு குழி இருந்தது. உடைந்த குழாயைச் சரிசெய்யத் தோண்டியது. குழாய் சரியானதும், "குழாயைச் சரி பண்ணுன்னுதான சொன்னீங்க" என்று அந்தோணிராசு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோண்டிப்போட்ட மண்ணை ஊரார் ஆளுக்கொரு சட்டி பூச்செடிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். குழியை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதில் ஒருநாள் முத்தரசி விழுந்தார். மாவு மில் நடத்துகிறவர். மொபெட், அரிசிமாவு மூட்டை எல்லாவற்றோடும் உள்ளே போய்விட்டு, வெள்ளைவெளேரென்று எழுந்து வந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் அவர் மனசை அரித்தது முழங்கால் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குழி தண்ணீருக்கடியில் மறைந்துவிடும். அப்புறம் விழுவது அந்தப் பிள்ளைகளில் ஒன்றாக இருக்கும்.

முத்தரசிதான் மக்கள் கண்காணிப்புக் குழுவின் தலைவியும். பேரூராட்சி வேலைகளைப் பார்வையிட்டுப் பரிந்துரை கொடுப்பதற்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைத்த குழு அது. போன வருஷம் கொடுத்த பரிந்துரை பீரோவுக்கு மேலே கிடந்தது. அதன்மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அதனால் இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்:

"மார்க்கெட் முக்கிலுள்ள குழியைக் குழுவின் மேற்பார்வையில் மூட வேண்டும். இந்தப் பரிந்துரையைக் கிடப்பில் போடாமல், உடனே நடைமுறைப்படுத்தி, விடாமல் பின்தொடர வேண்டும்."

நகல் மாவட்ட அலுவலகத்துக்கும் போனது. அங்கிருந்து ஒரே வரியில் உத்தரவு வந்தது: எழுத்து மாறாமல் நிறைவேற்றவும்.

ஆவுடைநாயகத்துக்கு உத்தரவு என்றால் எழுத்துக்கு எழுத்து நடந்தாக வேண்டும். நால்வரும் கூடினார்கள். அவர் பரிந்துரையை மேசைமேல் வைத்ததும் குணசீலி பதறிப்போய்த் தூக்கிவிட்டார்.

"சார், வச்சா கிடக்கும். கிடப்புல போடக் கூடாதுன்னு இருக்கு."

"அப்ப பீரோவுல?"

"அங்கயும் கிடக்கத்தான் செய்யும் சார்."

"நிக்க வச்சா?"

பேனா ஸ்டாண்டில் சாய்த்து நிற்கவைத்தார்கள். மின்விசிறிக் காற்றில் அது படுத்துக்கொண்டது. விசிறியை நிறுத்தினார்கள். காகிதம் நின்றது. நால்வரும் வேர்த்து வழிந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நின்னா பத்தாது சார்," என்றார் சுடலைக்கண். "நடைமுறைன்னுல்ல போட்டிருக்காங்க. நடக்கணும்."

"காகிதம் எப்படிய்யா நடக்கும்?"

"நாமதான் நடத்திக் கூட்டிட்டுப் போகணும். பின்தொடரணும்னு வேற இருக்கு. அப்ப அது முன்னால, நாம பின்னால."

கையில் பிடித்துக்கொண்டு போனால் பிடிக்கிறவரும் பரிந்துரையும் சேர்ந்தாற்போல நடக்க வேண்டிவரும், அது பின்தொடர்ந்ததாக ஆகாது என்று குணசீலி சொன்னார். அதனால் மாங்காய் பறிக்கும் துறட்டிக் கம்பின் நுனியில் காகிதத்தைக் கட்டினார்கள். கம்பை நீட்டிப் பிடித்தபடி அந்தோணிராசு போக, மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பூக்காரம்மா ஒரு கை உதிரிப்பூவை வீசினார். ஒரு வீட்டுக்காரர் கற்பூரத் தட்டோடு ஓடி வந்து, "எந்தச் சாமி?" என்று கேட்டார்.

"பரிந்துரை," என்றார் குணசீலி.

வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேலை இல்லாதவர்களும், வேலை இருந்தும் போகாதவர்களும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

மார்க்கெட் முக்கு வந்தது. எல்லோரும் குழியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"மூடணும்னா மூடி வேணும்," என்றார் சுடலைக்கண்.

பாத்திர வாடகைக் கடையிலிருந்து பெரிய பிரியாணி அண்டாவின் மூடியை உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு வெள்ளாடு அதன்மேல் ஏறியது. மூடி ஒருபக்கம் சாய, ஆடு உள்ளே போனது. மூடி பழையபடி மூடிக்கொண்டது. ஆட்டுக்காரர் வெகுநேரம் சந்தை முழுக்க ஆட்டைத் தேடினார்.

செய்தி கேட்டு முத்தரசி நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூடியைத் தூக்கினார். ஆடு அவரைப் பார்த்தது.

"மண்ணைப் போட்டுல்ல சார் மூடணும்," என்றார், ஆட்டை வெளியே இழுத்துக்கொண்டே.

ஆவுடைநாயகம் துறட்டியைத் தாழ்த்தச் சொல்லி இன்னொரு தடவை படித்தார். "குணசீலிம்மா, மேற்பார்வைன்னு இருக்கே. மேலயிருந்து பார்க்கணும். நாம பாட்டுக்குக் கீழயே நின்னு மூடிட்டோமே."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஊரிலேயே உயரமாக இருந்தது குடிதண்ணீர்த் தொட்டிதான்.

முத்தரசி வேறொரு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பார். ஆனால் தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏறித் தொலைத்தாலாவது வேலை நடக்கட்டும் என்று, வீங்கிய முழங்காலோடு இரும்பு ஏணியில் ஏறினார். வெயில் இல்லாதபோதும் மரியாதைக்காக அந்தோணிராசு குடையை விரித்துப் பிடித்தபடி பின்னாலேயே ஏறினார். மேலேயிருந்து ஊர் மொத்தமும் தெரிந்தது, முத்தரசியின் மில் கூரையில் இருந்த ஓட்டைகூடத் தெரிந்தது. குழி மட்டும் மார்க்கெட் கொட்டகைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"குழி தெரியலை சார்," என்று கத்தினார்.

கீழே தொட்டியடியில் மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். இறங்கி வந்த அந்தோணிராசுவும் குடையை மடக்கிவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார்.

"மேற்பார்வைக்கு வராத குழியை மூடினா உத்தரவை மீறினதாயிடுமே," என்றார் ஆவுடைநாயகம்.

"தொட்டியை அந்தப் பக்கம் நகர்த்தலாமா சார்?" என்று கேட்டார் அந்தோணிராசு.

"தண்ணி சிந்தும்," என்றார் சுடலைக்கண்.

"அப்ப குழியைத்தான் இந்தப் பக்கம் கொண்டு வரணும்," என்றார் அந்தோணிராசு.

சுடலைக்கண் துறட்டிக் கம்பால் பழைய குழியை அளந்து வந்தார். தொட்டியடியில், அதைச் சுற்றியிருந்த வேலிக்குள்ளே, அதே அளவில் தோண்டத் தொடங்கினார்கள். ஆவுடைநாயகமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் சுமந்தார். மேலேயிருந்து பார்த்த முத்தரசிக்குக் கண் கலங்கிவிட்டது. மார்க்கெட் குழிக்கு மண் எடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

இறங்கி வந்தபோது நால்வரும் மண்ணை அதே குழிக்குள் திரும்பத் தள்ளுவதற்குத் தயாராக நின்றார்கள்.

"என்ன சார் பண்றீங்க?"

"குழியை மூடப்போறோம்க்கா," என்றார் குணசீலி. "நீங்க இறங்கிட்டீங்களே. இன்னொரு தடவை மேல ஏறிக்கிடுங்க."

முத்தரசி மண் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவர்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மூக்கின்மேல் ஒரு மழைத்துளி விழுந்தது. சட்டென்று நிமிர்ந்தார்.

"சார், குழியை இங்க மாத்திட்டீங்க. சரி. அப்ப மார்க்கெட்ல இருக்கிறது என்ன?"

"அதுவும் குழிதான்," என்றார் குணசீலி தயங்கித் தயங்கி.

"மாறுதல்ல போன ஆபீசர் பழைய நாற்காலியிலயும் உட்கார்ந்திருக்கலாமா சார்?"

ஆவுடைநாயகம் கையை வீசி மறுத்தார். "கூடாது. கூடவே கூடாது."

"அப்ப பழைய இடத்துல என்ன இருக்கணும்?"

சுடலைக்கண் தலையைச் சொறிந்தார். "இங்க இருந்த மண்ணுதான் அங்க இருக்கணும். அதுதான முறை."

அவ்வளவுதான். தள்ளுவண்டியில் மண் பறந்தது. மழை வலுப்பதற்குள் மார்க்கெட் குழி நிரம்பியது. நால்வரும் வட்டமாகச் சுற்றிச்சுற்றி மிதித்து அதை இறுக்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதன்மேலேயே தண்ணீரை எத்தி விளையாடிக்கொண்டு போனார்கள். முத்தரசி மில் வாசலில் நின்று கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டியடிக் குழி பூட்டிய வேலிக்குள் இருந்தபடியால் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மாவட்ட அலுவலகத்துக்கு ஆவுடைநாயகம் அறிக்கை அனுப்பினார்: "மேற்பார்வைக்கு வசதியாகக் குழி இடமாற்றம் செய்யப்பட்டது." பாராட்டு வந்தது. பாராட்டின் நகல் பக்கத்து ஊரான வெள்ளக்குளத்துக்கும் போயிற்று. வெள்ளக்குளத்தில் உயரமான தொட்டி கிடையாது. ஆகவே அந்த ஊர்ப் பேரூராட்சி, தங்கள் குழியையும் நல்லூத்துப்பட்டியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதியது.

"இடம் உண்டு. ஏற்றி அனுப்பவும்," என்று ஆவுடைநாயகம் பதில் போட்டார்.

அடுத்த வாரம் லாரி வந்தது. மேலே தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது. நால்வரும் கயிற்றை அவிழ்த்து, பாயை விலக்கி, எட்டிப் பார்த்தார்கள்.

"சார், உள்ள ஒண்ணுமே இல்லையே," என்றார் அந்தோணிராசு.

"நான் வழியில எங்கயும் நிறுத்தலை," என்றார் டிரைவர், கொஞ்சம் பயந்துபோய்.

சுடலைக்கண் லாரிக்குள் ஏறினார். நான்கு மூலையையும் கையால் தடவிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். குழின்னா உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. இதுலயும் ஒண்ணும் இல்லை. சரியா வந்திருக்கு."

ஆவுடைநாயகம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுமுன் ஒரு சந்தேகம் கேட்டார்.

"வர்ற வழியில சேதாரம் ஏதும் ஆகலையே?"

"இல்ல சார்," என்றார் சுடலைக்கண். "முழுசா காலியா இருக்கு."