நின்ற நடை

“இவளுக்கு எல்லாமே மறந்துபோய்விட்டது, குருவே!”

மழவராயர் குதிரையிலிருந்து குதித்து இறங்கினார். அவருடைய மேலாடை தொப்பலாக நனைந்திருந்தது. அவருடைய குதிரை காயாம்பூவின் கரிய கழுத்திலும் வியர்வை நுரைத்திருந்தது.

ஆவுடையம்மை குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழவராயர் ஒரு பாளையத்தின் குதிரைப்படைத் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர். ஆவுடையம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் குதிரைக்கு நடை பழக்குவதில் அந்தச் சீமையிலேயே ஆவுடையம்மைக்கு மேல் ஆள் இல்லை. அதைக் கேள்விப்பட்ட நாளில் மழவராயர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு மாணவராக வந்து சேர்ந்தார்.

மறுநாள் மகாராஜாவின் முன்னால் நடைப் போட்டி.

சவுக்கு கூடாது. வாயால் ஒரு சத்தம் கூடாது. முரசின் தாளத்துக்குக் குதிரை வட்டமிட வேண்டும், பக்கவாட்டில் நடக்க வேண்டும். கடைசியில் நின்ற நடை. இருந்த இடத்தைவிட்டு நகராமல், கால்களை மட்டும் தாளத்துக்கு எடுத்து எடுத்து வைக்க வேண்டும். பார்ப்பவருக்குக் குதிரை ஓடுவது போலிருக்கும். ஆனால் அது அங்கேயேதான் இருக்கும்.

தோற்றவர் தம் குதிரையை வென்றவரின் லாயத்தில் கட்டிவிட்டு, நடந்துதான் ஊர் திரும்ப வேண்டும்.

காயாம்பூ பிறந்த அன்றே தாயை இழந்தவள். மழவராயர் மடியில் போட்டு ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தார்.

“போன வாரம் எவ்வளவு அழகாகச் செய்தாள்! இன்று ஒன்று முன்னால் பாய்கிறாள், இல்லாவிட்டால் கல் மாதிரி நின்றுவிடுகிறாள். பொழுது சாய்வதற்குள் இன்னும் கொஞ்சம் பழக்கினால்…”

“கடிவாளத்தைக் கழற்றுங்கள்” என்றார் ஆவுடையம்மை.

கழற்றினார்.

“இப்போது அதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.”

“வாயிலா?”

ஆவுடையம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கையில் போதும், மழவராயரே.”

மழவராயர் கடிவாள இரும்பை இரண்டு கைகளாலும் முன்னால் பிடித்துக்கொண்டார். ஆவுடையம்மை அவருக்குப் பின்னால் போய் நின்று வார்களின் நுனியைப் பிடித்தார்.

“கண்களை மூடிக்கொண்டு நடங்கள்.”

நடந்தார். பின்னாலிருந்து ஓர் இழுப்பும் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. இன்னும் கொஞ்சம் போனதும் நின்றன. கண்களைத் திறந்தார்.

முழங்காலை இடிக்கிறாற்போல எதிரே கல்தொட்டி இருந்தது.

“நீங்கள் இழுக்கவே இல்லையே!”

“இல்லை.”

“பிறகு நான் எப்படித் திரும்பினேன்?”

“நான் இடப்பக்கம் பார்த்தேன்.”

மழவராயருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ குதிரைகளின் முதுகில் வாழ்நாளைக் கழித்தவர். அவை ஒவ்வொன்றும் தன்னிடமிருந்து என்னென்ன கேட்டிருக்கும் என்று எண்ணியபடி காயாம்பூவைத் திரும்பிப் பார்த்தார்.

“மாற்றிக்கொள்வோம்” என்றார் ஆவுடையம்மை.

இப்போது ஆவுடையம்மை கண்களை மூடி முன்னால் நின்றார். மழவராயர் வார்களைப் பூவைத் தொடுவது போலத் தொட்டுக்கொண்டு, இடப்பக்கம் பார்த்தார். ஆவுடையம்மை அசையவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தார். ஆவுடையம்மையின் தோள்கள் விறைத்தன. சட்டென்று இரும்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“நானும் இழுக்கவில்லை, குருவே!”

“தெரியும்.”

“பிறகென்ன?”

“நாளைக்கு நடந்து ஊர் திரும்பப்போகிற ஒருவர் வாரின் மறுமுனையில் நின்றுகொண்டிருந்தார். அவரோடு எங்கேயும் போக எனக்கு மனம் வரவில்லை.”

மழவராயர் வார்களைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

“அப்படியானால் இன்று நான் என்ன செய்வது?”

“இவள் கடைசியாக எப்போது படுத்துத் தூங்கினாள்?”

குதிரை நின்றபடியே கண்ணயர்ந்துவிடும். பக்கத்தில் ஆபத்து எதுவும் இல்லை என்று தோன்றினால்தான் தரையில் படுத்து ஆழ்ந்து தூங்கும். மழவராயர் யோசித்துப் பார்த்தார்.

“இங்கே வந்ததிலிருந்து படுக்கவே இல்லை. புது இடமல்லவா…” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். “நான்தான் போய்ப் போய் எழுப்பிக்கொண்டிருந்தேன். குளம்பைப் பார்க்க. பிடரிமயிரைச் சீவ. ஒன்றுமில்லாவிட்டால் சும்மா தொட்டுப் பார்க்க.”

ஆவுடையம்மை நிழலில் வைக்கோலைப் பரப்பினார்.

“உட்காருங்கள்.”

“உட்கார்ந்து?”

ஆவுடையம்மை நகர்ந்து போய்விட்டார்.

மழவராயர் உட்கார்ந்தார். சேணமும் கடிவாளமும் இல்லாத காயாம்பூ எட்ட நின்றாள். மதிலுக்கு அப்பால் மற்ற பாளையத்துக் குதிரைகள் பழகிக்கொண்டிருந்தன. முரசு அதிரும்போதெல்லாம் மழவராயருக்கு நெஞ்சு திக்கென்றது. அப்போதெல்லாம் காயாம்பூவின் காது திரும்பியது.

மதில் பக்கம் அல்ல. அவர் பக்கம்.

அதை அவர் அன்றுதான் கவனித்தார்.

நாளைக்குத் தோற்றால் என்ன ஆகும் என்று, அன்றுவரை நினைக்க மறுத்ததை நினைத்துப் பார்த்தார். மனத்துக்குள் அந்நிய லாயத்தில் அவளைக் கட்டினார். அவள் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்து காலியான கொட்டடியின் முன்னால் நின்றார். அழுதார். அதற்கு மேல் நினைக்க ஒன்றுமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீண்ட மூச்சொன்று தானாக வெளியே போனது.

காயாம்பூவும் மூச்சுவிட்டாள். மெல்ல நடந்து வந்து அவர் தலையை முகர்ந்தாள். வைக்கோலைக் காலால் கிளறினாள். பிறகு, ஒரு குன்று தரையில் அமர்வது போல, முன்னங்கால்களை மடக்கி அவர் பக்கத்தில் படுத்தாள். முதுகு அவர் முழங்காலில் சாய்ந்தது. கழுத்தும் கால்களும் நீண்டன. கண்கள் மூடின.

இத்தனை பெரிய பாரம் இத்தனை மெதுவாக இறங்கி அவர் பார்த்ததே இல்லை. கால் மரத்துப்போனது. அவர் அசையவில்லை.

அப்போது அவளுடைய முன்னங்கால் ஒன்று துடித்தது. கூடவே எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால். பிறகு மற்ற இரண்டும். மறுபடியும் முதல் இரண்டு. படுத்த வாக்கில், நல்ல தூக்கத்தில், அவள் கால்கள் மாறி மாறி எழுந்து தாழ்ந்தன. மதிலுக்கு அப்பால் முரசு ஓரிடத்தில் தடுமாறியது. அவள் தாளம் தப்பவில்லை.

மழவராயர் விரல் மடக்கித் தாளத்தை எண்ணினார்.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ஆவுடையம்மை எதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்களும் இமைக்கவில்லை.

“நின்ற நடை…” என்று மழவராயர் கிசுகிசுத்தார். “குருவே, கனவில் இவள்மேல் ஏறியிருப்பது யார்?”

“யாரோ, தெரியவில்லை. நடந்து ஊர் திரும்பப்போகிறவர் இல்லை” என்றார் ஆவுடையம்மை, குதிரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாளைக்கு அவரையே அனுப்பிவையுங்கள்.”