ஒன்றும் இல்லை

"உங்க மீன் என் ஆராய்ச்சியைத் தின்னுடுச்சு, மேடம்."

வந்ததும் வராததுமாகத் திருமாறன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

ஹெப்சிபா ஊர்ப் பொதுக்கிணற்றடியில் நின்றிருந்தார். திருமாறனுக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்தவர். கொசுவோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். கையில் ஒரு குடம். குடத்தில் கொசுப்புழு தின்னும் மீன்குஞ்சுகள்.

"எந்த மீனு?" என்று கேட்டுக்கொண்டே குடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்.

கடலோரத்து ஊர் அது. மழை பெய்தால் மலேரியாவும் கூடவே வரும். வந்தால் சும்மா போகாது, ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கொண்டுதான் போகும். மாத்திரை இருந்தது. ஆனால் கசந்தது. பிள்ளைகள் துப்பிவிட்டார்கள்.

துப்பாத மருந்து ஒன்று செய்ய வேண்டும் என்று திருமாறன் தன் வாலிபத்தையெல்லாம் அதில் போட்டான். செய்தும் முடித்தான். தித்திக்கும் பாகு. இனி அதைக் காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இந்த வருஷம் ஒரு பிள்ளைக்கும் மலேரியா வரவில்லை.

"மழை முடிஞ்சுபோச்சு. ஒரு கேஸ்கூட இல்ல. திட்டத்தையே மூடப் போறாங்க."

"ம்."

"மலைப்பக்கம் இன்னும் காய்ச்சல் இருக்கு. என்னை அங்க அனுப்பச் சொல்லுங்க. உங்க ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருக்காங்க."

"அங்க பிள்ளைங்க நிறைய காய்ச்சல்ல விழுதா?"

"நிறைய, மேடம்!"

தன் குரலில் வந்த உற்சாகம் அவன் காதில் விழவில்லை.

ஹெப்சிபா கயிற்றை இழுத்துச் சுருட்டினார். குடம் காலியாகி மேலே வந்தது.

அந்நேரம் மரியபுஷ்பம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"சார், உடம்பு கொதிக்குது சார்."

திருமாறனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளைக் கிணற்றுக்கு எதிரே இருந்த பரிசோதனை அறைக்கு அழைத்துப் போனான். பாகு பாட்டிலை எடுத்து மேசைமேல் தயாராக வைத்தான். பிள்ளையின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தான். கண்ணாடித் தகட்டில் தடவி, காயவைத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தான்.

பார்த்தான்.

தகட்டை நகர்த்தினான். மறுபடி பார்த்தான். தொலைத்த மோதிரத்தைத் தேடுவதுபோல மூலைமுடுக்கெல்லாம் தேடினான்.

கிருமி இல்லை.

நிமிர்ந்தான்.

"ஒண்ணும் இல்லம்மா."

மரியபுஷ்பம் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாதாவே!"

"என்னம்மா இது? ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னேன்?"

"என் மூத்தவனுக்கும் இதத்தான் சார் சொன்னாங்க. இனிமே ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கொண்டு போன்னு."

"ஐயோ, அது வேறம்மா. ரத்தத்துல மலேரியாக் கிருமி இல்ல. நல்ல சேதி."

"நல்ல சேதின்னா உங்க மூஞ்சி ஏன் சார் இப்படி இருக்கு?"

திருமாறன், பின்னாலேயே வந்து வாசலில் நின்ற ஹெப்சிபாவைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்குறே? கேட்டது அவங்க."

அவன் பாகு பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தான். வந்து, தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். பிள்ளையின் விரலைத் தவிர வேறெதையும் அதுவரை அவன் பார்த்திருக்கவில்லை. பெண் பிள்ளை. காதில் பிளாஸ்டிக் கம்மல்.

"உன் பேர் என்ன?"

"ஜெனிட்டா."

"ஜெனிட்டா, ஆ காட்டு."

காட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தான். தொண்டை செக்கச் செவேலென்று கிடந்தது.

"ஐஸ் தின்னியா?"

பிள்ளை அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தது.

"ரெண்டு."

"ரெண்டா! எவ வாங்கிக் குடுத்தா?" மரியபுஷ்பத்தின் அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

"அப்பா."

"வரட்டும் அந்த மனுஷன். கரைக்கு வந்துதானே ஆகணும்?"

திருமாறன் சிரித்துவிட்டான்.

"தொண்டைப் புண்ணுதான். மருந்து தர்றேன். ஒண்ணும் இல்லம்மா."

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

மருந்தை வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் திட்டிக்கொண்டே போனாள். தெருமுனை திரும்பும்வரை அந்தத் திட்டு கேட்டது.

ஹெப்சிபா சொன்னார்:

"மலையில குளிரும். கம்பளி எடுத்துக்க."

திருமாறன் வாசலுக்கு வந்தான். கிணற்றடியில் காலிக் குடம் ஒருக்களித்துக் கிடந்தது.

"மேடம், இந்த மீனு மலைத் தண்ணியில பிழைக்குமா?"