வடிவு உருட்டிய மணற்பூ

ஒரு காட்டில், அதுவும் மரமெல்லாம் உப்புத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும் அலையாத்திக் காட்டில், வடிவு என்றொரு நண்டு இருந்தாள். ஆளைப் பார்த்தால் கொண்டைக்கடலை அளவுதான். பெருமையைப் பார்த்தால் திமிங்கிலத்துக்கே பெரியம்மா!

சும்மா வந்த பெருமை இல்லை அது. கடல் வற்றி மணல்திட்டு தெரிந்ததும் அவள் இனத்து நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். மணலை அள்ளி வாயில் போட்டு, சத்தை மட்டும் சலித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாக்கிப் பின்னால் தள்ளும். எச்சில் உருண்டைதானே என்று மற்ற நண்டுகள் போட்டது போட்டபடி போய்விடும். வடிவு மட்டும் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைப்பாள்.

ஒரு நாள் அவள் கொடுக்குக்கு என்ன வேகம் வந்ததோ, வளையைச் சுற்றி இதழ் இதழாக உருண்டைகளை அடுக்கி ஒரு பெரிய பூவையே விரித்துவிட்டாள். வளையின் வாயையும் மணலால் மூடி அதையே பூவின் நடுப்பொட்டு ஆக்கினாள். திட்டே திரண்டு வந்து பார்த்தது. யாருக்கும் வழிவிடாத கிழட்டு உடும்புகூட வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போயிற்று.

"பார்த்தாயா? உடும்பே ஒதுங்கிப் போகிறது!" என்றாள் வடிவு.

"பார்த்தேன், பார்த்தேன். தலையில் கிரீடம்தான் இல்லை உனக்கு" என்றது உளுவை. உளுவை அவளுடைய சிநேகிதன். சேற்றில் தத்தித் துள்ளித் திரியும் மீன். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

சாயங்காலம் கடல் ஏறியது. இரண்டு அலை வந்தது. பூ போய்விட்டது.

அன்றிலிருந்து வடிவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அந்தப் பூவுக்குப் பிறகு எதை உருட்டினாலும் அவள் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரிந்தது. அரைவயிறு தின்பாள், பழைய இடத்தையே பார்த்தபடி நிற்பாள். "என் பூ, என் பூ" என்று புலம்புவாள்.

அந்த நேரம் பார்த்துக் கடல் கடந்து ஓர் உள்ளான் பறவை வந்து இறங்கியது. நீண்ட கால், அதைவிட நீண்ட அலகு. பறந்து வந்த களைப்பில் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடி ஓடி நண்டுகளைத் துரத்தியது. அவை விடுமா? அலகு நெருங்குமுன்பே வளைக்குள் புகுந்துகொண்டன. ஓடிப் பிடிக்க முடியாதென்று தெரிந்ததும் உள்ளான் பேசிப் பிடிக்கலாமென்று முடிவு செய்தது. அழுகிற நண்டு எது, எதற்காக அழுகிறது என்று விசாரித்து நேரே வடிவின் வளைக்கு வந்தது.

"அம்மணி, உங்கள் பூவின் புகழ் கடலுக்கு அந்தப்பக்கம்வரை வந்துவிட்டது" என்றது.

வடிவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஐயா, பேர் வந்து என்ன? பூ போய்விட்டதே!"

"போனதெல்லாம் திரும்பும். நிலா தேய்கிறது, வளர்கிறது. கடல் வற்றுகிறது, ஏறுகிறது. நான் வருஷம் தவறாமல் போய் வருகிறேன். இதோ பாருங்கள்." உள்ளான் மூன்று கிளிஞ்சல்களை அலகால் அள்ளிப் போட்டது. இரண்டு மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன. திரும்பத் திரும்ப அள்ளிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் முதலில் விழுந்த மாதிரியே விழுந்தன. "கண்டீர்களா? இந்தத் திட்டின் மணல் எவ்வளவு இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கடல் தினமும் அதை அள்ளிப் போடுகிறது. அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் உங்கள் பூ ஒரு நாள் அப்படியே வந்து விழத்தானே வேண்டும்?"

"அந்த ஒரு நாள் எந்த நாள்?"

"நாளைக் காலை! ஏழு கடல் கண்டவன் சொல்கிறேன். ஆனால் ஒன்று. அன்று இருந்தது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு மணல் மாறினாலும் காரியம் கெட்டுவிடும். பூ முடிந்ததும் எங்கே நின்றீர்கள்?"

"வளையை மூடிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தேன்."

"நாளையும் அதையே செய்யுங்கள்" என்று சொல்லி உள்ளான் எச்சிலை விழுங்கிக்கொண்டது.

உளுவை கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "அடியே, மூன்று கிளிஞ்சலும் இந்தத் திட்டு மணலும் ஒன்றா? அவன் அலகைப் பார்த்தாயா?"

"சேற்றில் குதிக்கிற உனக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்? போடா!" என்றாள் வடிவு.

மறுநாள் காலை கடல் வற்றியது. வடிவு வளையை மூடினாள். தூரமாக வந்து நின்றாள். பூ வருகிறதா என்று பார்க்க மற்ற நண்டுகளும் தத்தம் வளைவாயில் கண்ணை நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளான் மெல்ல நடந்து வந்தது.

"எல்லாம் அன்று போலவே இருக்கிறதா, அம்மணி?"

கலைக்காரி கண் சும்மா இருக்குமா? "அந்தக் கிளைக்கு நேர்கீழே ஒரு பழுத்த இலை கிடந்தது" என்றாள். உள்ளான் ஓடிப்போய் இலையைக் கொண்டுவந்து போட்டது. "இந்தச் சங்கு அன்று இல்லை." சங்கை எடுத்து எறிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கிட்டே.

"இப்போது சரிதானே?"

வடிவு மணலை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் உள்ளானின் கால்தடம். அவளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் குறுகி, அவளுக்கும் அவள் வளைக்கும் நடுவே வந்து நின்றிருந்தது. ஐயோ, வளையை வேறு மூடிவிட்டு வந்தோமே! உளுவை சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று அழுகை முட்டியது.

ஆனாலும் அவள் வடிவு அல்லவா? குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஐயா, ஒன்றே ஒன்று அதிகமாக இருக்கிறது."

"சொல்லுங்கள், தூக்கி எறிந்துவிடுகிறேன்!"

"நீங்கள்தான். அன்று நீங்கள் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தீர்கள். ஒரு மணல் மாறினாலும் காரியம் கெடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நீங்கள் இங்கே நிற்கும்வரை அந்த நாள் எப்படி வரும்?"

"அதானே!" என்று வேரின்மேலிருந்து உளுவை உரக்கக் கூவியது. "அதானே, அதானே!" என்றன வளைவாய்களில் இருந்த நண்டுகள்.

உள்ளான் மனசுக்குள் கணக்குப் போட்டது. இவளை இப்போதே கொத்தினால் ஒரு வாய். விட்டுப் பிடித்து எல்லாரையும் நம்பவைத்தால் நாளைக்குத் திட்டு முழுக்க நண்டுகள் வளையை மூடிவிட்டு வரிசையில் நிற்கும். ஆசை யாரை விட்டது? "கடலுக்கு அப்பால் எதற்கு? அந்த மரங்களுக்கு அப்பால் போய் ஒரு மூச்சு நின்றால் போதும்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

அந்த ஒரு மூச்சு வடிவுக்குப் போதாதா? நின்ற இடத்திலேயே தோண்டினாள். இத்தனை நாள் சோம்பிக் கிடந்த கொடுக்கா இது என்று உளுவையே வாய் பிளந்தது. உள்ளான் திரும்பி வந்து அலகை ஓங்கியபோது அங்கே ஒரு புது வளைதான் இருந்தது.

"எங்கே என் நண்டு?" என்று அது கத்தியது.

"போனதெல்லாம் திரும்புமே, ஐயா! காத்திருங்கள்" என்று உள்ளேயிருந்து வடிவு சொன்னாள். திட்டே சிரித்தது. அதற்குப் பிறகு அங்கே உள்ளானின் பேச்சை எந்த நண்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளான் தொலைந்ததும் வடிவு வெளியே வந்தாள். முதலில் உளுவையிடம், "நீ சொன்னதுதான் சரி" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அதுதான் முதல் தடவை. பிறகு வயிறாரத் தின்று, உருட்டி, அடுக்கினாள். அது பூ இல்லை. வால் விரித்த மீன்.

"பழைய பூ மாதிரி இல்லையே?" என்றது உளுவை.

"பழையது எதற்கு? இது இன்றைக்கு நான் செய்தது!"

சாயங்காலம் கடல் ஏறி வந்து மீனை அழித்தது. வடிவு அழவில்லை. உளுவைதான் மெல்லக் கேட்டது. "ஏன் வடிவு, என்றைக்காவது அந்தப் பூ நிஜமாகவே திரும்பி வந்துவிட்டால்?"

வடிவு இரண்டு கண்ணையும் உயரத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "வரட்டுமே! வந்தால் நான் புதிதாகப் போட்டதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்."

நீதி: செய்த நாள் திரும்புமா என்று காத்து நிற்காதே, செய்த கை உன்னிடமே இருக்கிறது.