தண்ணீர் சைக்கிளைக் குத்தியது யார்?

வயிறு முழுக்கக் காற்றுதான். ஆனாலும் குடம் குடமாகப் பாரம் தாங்கும். குத்துப்பட்டால் சுருண்டு படுத்துவிடும். தண்ணீரில் அமுக்கினால், காயம் எங்கே என்று குமிழி விட்டுத் தானே காட்டும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

சைக்கிள் டியூப் என்று சொன்னவர்கள் மேலே கேட்கலாம். சொல்லாதவர்களும் கேட்கலாம்.

ஒரு காட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு சைக்கிள் இருந்தது. கோடையில் குளம் வற்றிவிட்டால், கரடி அதன் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரும். கரடிக்குப் பலம் அதிகம், யோசனை குறைவு. சைக்கிளைப் பழுது பார்ப்பது குரங்கு. அதற்குக் கைவேலையும் தெரியும், கைவேலையைப் பற்றிப் பேசவும் தெரியும்.

ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு வளை இருந்தது. அதில் சலங்கை என்ற முள்ளம்பன்றியும் அதன் குட்டி சிலுப்பியும் குடியிருந்தன. சலங்கை யார் வம்புக்கும் போகாது. நடந்தால் முதுகு முட்கள் சலசலக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த வளைக்கு அருகில் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. குரங்கு வந்து டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை உருவியது. குடத்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்தது. ஈரம் போகத் துடைத்து, சொரசொரப்பான கல்லால் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவியது. அது காயும்வரை தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு, பழைய டியூபில் வெட்டிய ஒரு துண்டை வைத்து அழுத்தி ஒட்டியது.

"இந்த ஒட்டு விட்டுப்போனால் என் வாலை அறுத்துக்கொள்கிறேன், கரடியண்ணா" என்றது.

மறுநாள் அதே வழியில் மறுபடியும் காற்று போனது. எல்லா மிருகங்களும் குரங்கின் வாலைப் பார்த்தன. குரங்கு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் காட்டியது. ஒட்டு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு ஓட்டை! வால் தப்பியது.

அதற்கு அடுத்த நாளும் காற்று போனது. இப்போது எல்லோருக்கும் குழப்பம். தன் எடைதான் காரணமோ என்று கரடி காலையில் குடிக்கும் தேனைக் குறைத்துக்கொண்டது. பம்பில்தான் கோளாறு என்றது முயல். சைக்கிள் வேகமாகப் போவதே தவறு என்றது ஆமை. காற்றை நிறைய அடித்துப் பார்த்தார்கள்; மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரம் ஆற்றங்கரைக்குப் போகும், திரும்பி வரும்போது படுத்துவிடும். வெயிலில் குட்டிகள் நாக்கு வறண்டு காத்திருக்கும்.

அப்போது நரி ஒரு நீளமான முள்ளைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தது. யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை என்றும், வழியில் கிடந்த இந்த முள் யாருடையது என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் சொன்னது.

"என்னுடையதுதான். எங்களுக்கு முள் உதிரும்" என்றது சலங்கை.

அன்றிலிருந்து சலங்கை, சைக்கிள் வருவதற்கு முன்பே வழி முழுவதையும் இலைக்கொத்தால் பெருக்கியது. அப்படியும் காற்று போனது. வளையை விட்டு வெளியே வராமலே இருந்து பார்த்தது. அப்படியும் போனது. கடைசியில் சலங்கைக்கே குழப்பம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து நடக்கிறோமோ, தெரியாமல் முள்ளைப் போட்டுவிட்டு வந்து படுக்கிறோமோ என்று குட்டியிடமே கேட்டது.

ஒருநாள் மத்தியானம் வற்றிய குளத்தில் மிருகங்கள் கூடின. சூரியன் மறைவதற்குள் சலங்கை தன் குட்டியோடு ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும் என்றது நரி. எல்லா மிருகங்களும் தலையாட்டின. சலங்கை எதிர்த்துப் பேசவில்லை. தன்மேல் தப்பில்லை என்று அதற்கே உறுதியாகத் தெரியவில்லையே! காலி வளையில் பாம்பு வந்து தங்கிவிடும், அதனால் தானே அங்கே குடியேறிக் காவல் காப்பதாக நரி சொன்னது. நரிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று கரடி நினைத்துக்கொண்டது.

சலங்கை கிழங்குகளை மூட்டை கட்டியது. சிலுப்பிக்கு அந்த வளையைத் தவிர வேறு வீடு தெரியாது. அது போய்க் குரங்கின் பக்கத்தில் உட்கார்ந்தது. குரங்கு அன்றைய பஞ்சரை ஒட்டி முடித்து, டியூபை நீட்டிப் பிடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தது.

"குரங்கு மாமா, ஒட்டெல்லாம் ஏன் ஒரே இடத்தில் இருக்கின்றன?"

"வரிசையாக ஒட்டினால்தான் பார்க்க நன்றாக இருக்கும்."

"ஓட்டையையும் நீங்களா வரிசையாகப் போட்டீர்கள்?"

குரங்கு ஒட்டுகளை விரலால் எண்ணிப் பார்த்தது. கரடி எட்டிப் பார்த்தது. நரியும் வந்தது.

"சக்கரம் சுற்றுகிறது" என்றது சிலுப்பி. "வழியில் கிடக்கிற முள் ஒருநாள் இங்கே குத்தும், இன்னொரு நாள் அங்கே குத்தும். தினமும் தேடிப் பிடித்து ஒரே இடத்திலா குத்தும்?"

கரடி வெகுநேரம் யோசித்தது. "அப்படியானால் அந்த முள்ளுக்குக் கண் இருக்க வேண்டும்" என்றது.

"சலங்கைக்குக் கண் இருக்கிறதே" என்றது நரி.

"ஓடுகிற சக்கரத்தில் குறி பார்த்துக் குத்த யாராலும் முடியாது. முள் வழியில் இல்லை, மாமா. அது சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுகிறது" என்றது சிலுப்பி.

டயரைத் தான் பார்த்துவிட்டதாகக் குரங்கு சொன்னது. வெளிப்பக்கம்தானே பார்த்தீர்கள் என்று கேட்டது சிலுப்பி. சக்கரத்தில், காற்றடிக்கும் வால்வு நுழையும் துளைக்கு நேராக வால்வை வைத்து, டியூபைச் சக்கரத்தின்மேல் சுற்றியது. ஒட்டுகள் வந்து நின்ற இடத்தில் டயருக்குள் கையை விட்டு மெல்லத் தடவியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டது. விரலில் ஒரு துளி ரத்தம்.

டயருக்குள் கருவேல முள் ஒன்று புதைந்திருந்தது. வெளிமுனை ஒடிந்து, ரப்பரோடு ரப்பராகக் கறுத்துப் போயிருந்தது. உள்முனை மட்டும் எள்ளளவு நீட்டிக்கொண்டிருந்தது. சிலுப்பி அதைப் பல்லால் கடித்து இழுத்துக் கீழே போட்டது. சலங்கை அதை எடுத்துத் தன் முள்ளோடு வைத்துப் பார்த்தது. இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

குரங்கு உடனே வேலையில் இறங்கியது. பழைய டியூபில் ஒரு பட்டையை நீளமாக வெட்டி, முள் இருந்த இடத்தில் டயருக்குள் விரித்தது. டயரின் வெளிப்பக்கத்தையும் தடவி, ஒட்டியிருந்த நெருஞ்சி முட்களை, அவை உள்ளே இறங்குவதற்கு முன்பே பொறுக்கி எடுத்தது. காற்றடித்ததும் கரடி ஆற்றுக்குப் போய் வந்தது. குடங்கள் நிறைந்திருந்தன. சக்கரம் கல்போல் இருந்தது.

சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சலங்கை மூட்டையை அவிழ்த்தது. உடனே ஒரு குரல், வளைக்கு ஆசைப்பட்டுப் பழி போட்ட நரியை விரட்ட வேண்டும் என்றது. சூரியன் மறைவதற்குள் என்றது இன்னொரு குரல். எல்லா மிருகங்களும் தலையாட்டின.

"முள்ளை எடுத்தது நீ. நீயே சொல். நரி போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கரடி சிலுப்பியைக் கேட்டது.

நரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிலுப்பி நரியைப் பார்த்தது. பிறகு, ஆடிக்கொண்டிருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அதற்கு இப்போதுதான் பெரிய குழப்பம்.

"மத்தியானம் எங்களைப் போகச் சொன்னபோதும் இப்படித்தானே தலையாட்டினீர்கள்?" என்று கேட்டது.

தலைகள் நின்றன. குரங்கு பம்பைத் துடைக்க ஆரம்பித்தது.

நரி இருக்கட்டும் என்று சிலுப்பி சொன்னது.

நீதி: பழி போட ஆள் தேடுவதற்கு முன் முள்ளைத் தேடு.