முறைத் தண்ணீர்

அந்த ஊர்க் கண்மாய்த் தண்ணீரை எல்லா வயலுக்கும் முறை வைத்துத்தான் விடுவார்கள். ஆனால் அந்த வருஷம் முறை வைக்கும் பொறுப்பில் இருந்த பண்ணையார் சிங்கமுத்துவின் வயலுக்கே தினமும் பாய்ந்தது. கடைசி வயல்காரி வெள்ளையம்மாவின் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வாடியது. இருப்புக் கொள்ளாமல் அவள் முறைத் தண்ணீர் கேட்டுப் பண்ணையார் வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஊர்க்காரர்களும் கண்மாய் மடையைத் திறந்து மூடும் மூக்கனும் கூடியிருந்தார்கள். பண்ணையார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முறைப்படிதான் விடுறேன். இல்லைன்னு என் வாயாலேயே சொல்ல வை பார்ப்போம். சொல்ல வச்சிட்டா இப்பவே உன் வயலுக்கு மடையைத் திறக்கச் சொல்றேன்” என்றார்.

வெள்ளையம்மா நிலைகொள்ளாமல் கால் மாற்றி நின்றாள். “ஐயாவுக்கு உடம்புக்கு என்னங்க?”

“முறைக்காய்ச்சல்.”

“தினமும் வருதுங்களா?”

“விவரங்கெட்டவளே! தினமும் வந்தா அது எப்படி முறைக்காய்ச்சலாகும்? ஒரு நாள் வந்து, ரெண்டு நாள் விட்டு, மறுபடி வரணும். அதுதான் முறை!”

“ஐயா வயலுக்குத் தண்ணி தினமும் வருதுங்களே. அது என்ன முறைங்க?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணையாருக்குக் கம்பளிக்குள் வேர்த்துக் கொட்டியது. அவர் வாய் திறப்பதற்குள் மடைக்காரர் மூக்கன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்தார். வெள்ளையம்மா அவருக்கு முன்னால் ஓடினாள்.